லோ-கோட் தளத்தில் உங்கள் முதல் செயலி: திரையில் தொடங்காதீர்கள், அட்டவணையில் தொடங்குங்கள்

பல நிறுவனங்களில் ஒரு பொருள் வாங்க அனுமதி பெறுவது இன்னும் இப்படித்தான் நடக்கிறது. பணியாளர் மெயில் அனுப்புவார், மேலாளர் ‘ஓகே’ என்று பதில் போடுவார், நிதிப் பிரிவில் ஒருவர் அதை எக்செலில் ஏற்றுவார். சில நாள் கழித்து “என் கோரிக்கை என்ன ஆயிற்று?” என்று கேட்டால் யாராலும் சட்டென்று சொல்ல முடியாது. இதை ஒரு செயலியாக மாற்ற நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. மிகக் குறைந்த நிரலோடு செயலியை உருவாக்க உதவும் லோ-கோட் தளம் போதும்.

‘லோ-கோட்’ என்ற பெயரை 2014இல் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது ஃபாரஸ்டர் ஆய்வு நிறுவனம். ஆனால் இந்த வகைத் தளங்கள் அதற்கு முன்பே இருந்தன. அவுட்சிஸ்டம்ஸ் 2001இலும் மெண்டிக்ஸ் 2005இலும் தொடங்கியவை. இன்று மைக்ரோசாஃப்ட் பவர் ஆப்ஸ், ஸோஹோ கிரியேட்டர், 2020இல் கூகுள் வாங்கிய ஆப்ஷீட் என்று நிறைய உண்டு. லாகின், தரவுத்தளம், மொபைல் திரை போன்ற எல்லாச் செயலிகளுக்கும் பொதுவானவற்றைத் தளமே தந்துவிடும். உங்கள் நிறுவனத்துக்கே உரிய விதிகளை மட்டும் நீங்கள் சேர்த்தால் போதும். கொள்முதல் கோரிக்கையையே எடுத்துக்கொண்டு செய்து பார்ப்போம்.

படி 1: காகிதத்தில் எழுதுங்கள்

தளத்தைத் திறப்பதற்கு முன், இந்த வேலையைத் தினமும் செய்பவர்களோடு உட்கார்ந்து பேசுங்கள். விதிப்புத்தகத்தில் இருப்பதை விடுங்கள், உண்மையில் நடப்பதை எழுதுங்கள். யார் தொடங்குகிறார், யார் ஒப்புதல் தருகிறார், எப்போது திருப்பி அனுப்புகிறார்கள், ஒப்புதல் தருபவர் விடுப்பில் போனால் யார் பார்ப்பது? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் யாரிடமும் பதில் இருக்காது. பதில் கிடைத்த பிறகே அடுத்த படிக்குப் போங்கள்.

படி 2: தரவை அட்டவணைகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள்

செயலி நிற்பதும் விழுவதும் இங்கேதான். கையிலிருக்கும் எக்செல் கோப்பை அப்படியே ஏற்றிவிட ஆசையாக இருக்கும், வேண்டாம். அதில் ஒரே துறை ‘கணக்கு’, ‘கணக்குப் பிரிவு’, ‘அக்கவுண்ட்ஸ்’ என்று மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கும். துறைவாரியாகச் செலவைக் கூட்டினால் மூன்று துறைகள் இருப்பதாகக் கணினி காட்டும்.

அதனால் துறைகளுக்கு ஓர் அட்டவணை, பணியாளர்களுக்கு ஒன்று, கோரிக்கைகளுக்கு ஒன்று. ஒரே கோரிக்கையில் பல பொருட்கள் வரும் என்பதால் அந்தப் பொருட்களின் பட்டியலுக்குத் தனியாக இன்னொன்று. கோரிக்கையில் துறையின் பெயரைத் தட்டச்சு செய்ய விடாமல், துறை அட்டவணையிலிருந்து தேர்ந்தெடுக்க வையுங்கள். ஒவ்வொரு கோரிக்கைக்கும் தானாக ஓர் எண் விழட்டும். பணியாளரின் பெயரை அடையாளமாக வைக்காதீர்கள், ஒரே பெயரில் இருவர் இருப்பார்கள். ‘நிலை’ என்ற புலமும் தேர்வுப் பட்டியலாகவே இருக்கட்டும்: வரைவு, ஒப்புதலுக்கு, ஒப்புதல் ஆனது, நிராகரிப்பு, வாங்கியாயிற்று.

படி 3: படிவம்

இது எளிது. அட்டவணை சரியாக இருந்தால் பல தளங்கள் படிவத்தைத் தாமே உருவாக்கித் தரும். நீங்கள் செய்ய வேண்டியது, பயனர் நிரப்ப வேண்டிய இடங்களைக் குறைப்பதுதான். பெயரும் துறையும் லாகினிலிருந்து தானாக நிரம்பட்டும், தேதியும் தானாகவே விழட்டும்.

படி 4: ஒப்புதல் ஓட்டம்

நிபந்தனைகளை எக்செல் சூத்திரம் போலவே எழுதலாம்: தொகை வரம்பைத் தாண்டினால் நிதிப் பிரிவுக்கும் போக வேண்டும், இல்லையென்றால் மேலாளரோடு முடிந்துவிடும். அந்த வரம்புத் தொகையைச் சூத்திரத்துக்குள் எழுதிவிடாதீர்கள். ‘அமைப்புகள்’ என்று ஒரு சின்ன அட்டவணை வைத்து அதில் போடுங்கள், நாளை மாறினால் ஒரே இடத்தில் திருத்தலாம். அப்புறம், கோரிக்கை போட்டவரே அதற்கு ஒப்புதல் தர முடியாதபடி ஒரு நிபந்தனையும் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு முறை நிலை மாறும்போதும் நேரத்தையும் பதிவு செய்யுங்கள்.

படி 5: அனுமதிகள்

பட்டனை மறைப்பது பாதுகாப்பு ஆகாது. திரையில் தெரியாவிட்டாலும், அட்டவணையைப் பார்க்க உரிமை உள்ளவர் வேறு வழியில் திறந்து பார்த்துவிடலாம். யார் எந்த வரிசையைப் பார்க்கலாம், யார் திருத்தலாம் என்பதைத் தரவு இருக்கும் இடத்திலேயே கட்டுப்படுத்துங்கள்.

படி 6: நிறையத் தரவோடு சோதியுங்கள்

பத்து வரிசைகளில் எல்லாமே வேலை செய்யும். பவர் ஆப்ஸில் ஒரு சூத்திரத்தைக் கணக்கிடும் வேலையைத் தரவு மூலத்திடம், அதாவது தரவு சேமிக்கப்பட்டிருக்கும் இடத்திடம், ஒப்படைக்க முடியாத நிலை வந்தால், வழக்கமாக முதல் 500 வரிசைகளை மட்டும் எடுத்துக் கணக்கிடும். அமைப்பை மாற்றினாலும் 2,000 வரைதான். 3,000 கோரிக்கைகள் சேர்ந்த பிறகு மொத்தச் செலவு தவறாக வரும், பயனருக்கோ எந்தப் பிழைச் செய்தியும் தெரியாது. செயலியை உருவாக்கும் திரையில் ஓர் எச்சரிக்கைக் குறி மட்டும் இருக்கும், அதைக் கவனிக்காமல் விடாதீர்கள். இந்த ஒரு காரணத்துக்காகவே ஆயிரக்கணக்கான போலி வரிசைகளை ஏற்றிச் சோதிக்கச் சொல்கிறேன்.

படி 7: வெளியிடுங்கள்

கட்டணம் பெரும்பாலும் ஆள் கணக்கில் வரும் என்பதால் எத்தனை பேர் பயன்படுத்துவார்கள் என்று முன்பே பாருங்கள். தளத்தைவிட்டு வெளியேற நேர்ந்தால் தரவை எடுத்துக்கொண்டு போகலாம், சூத்திரங்களையும் திரைகளையும் பெரும்பாலும் புதிதாகத்தான் செய்ய வேண்டும். படி 1இல் எழுதிய காகிதத்தைப் பத்திரமாக வையுங்கள், அப்போது உதவும்.

ஒரு துறையில் மட்டும் தொடங்குங்கள். தொடங்கிய நாளிலிருந்து அந்தத் துறைக்கு மெயில் வழி ஒப்புதல் கிடையாது என்று நிர்வாகம் சொல்லியாக வேண்டும். இரண்டு வழியும் திறந்திருந்தால் எல்லோரும் பழைய வழிக்கே போவார்கள்.

சில வாரம் ஓடியதும், நிலை மாறிய நேரங்களை எடுத்து எந்தக் கட்டத்தில் கோரிக்கைகள் அதிகம் காத்திருக்கின்றன என்று பாருங்கள். நிதிப் பிரிவில் சிறுசிறு தொகைகள் குவிந்து கிடந்தால் வரம்பை உயர்த்துவது பற்றி அவர்களோடு பேசலாம். அவர்கள் சம்மதித்தால் நீங்கள் மாற்ற வேண்டியது ‘அமைப்புகள்’ அட்டவணையில் ஒரே ஒரு எண்.