பள்ளிக்கூடம் போகத் தயாரா? சித்தி வீட்டில் ஒரு ஒத்திகை

விஜயதசமி நெருங்கினாலே வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் தெருவில் இதே பேச்சுதான்: "உங்க பையனைச் சேர்த்தாச்சா?" 3 வயது முடிந்தால் எல்.கே.ஜி. என்பது ஒரு கணக்கு, அவ்வளவுதான். என் மகன் தயாரா என்று நான் பார்த்தது வேறு.

முதலில், ஒன்றுக்கு வருகிறது என்று அம்மா அல்லாத ஒருவரிடம் சொல்கிறானா? வீட்டில் சொல்லிவிட்டு வெளியே போனால் வாயைத் திறக்காத பிள்ளைகள் நிறைய. இதைத் தெரிந்துகொள்ள, காட்பாடியில் இருக்கும் என் தங்கை வீட்டில் காலை 10 மணிக்கு விட்டுவிட்டு 12 மணிக்குப் போய் அழைத்து வந்தேன். அவன் கையில் செல்போன் கிடையாது. முதல் நாள் ஜட்டி நனைந்தது. நாலாம் தடவை, "சித்தி, உச்சா" என்றானாம்.

அப்புறம் டிபன் டப்பா. எவர்சில்வர் மூடியை நகத்தால் நெம்பி, முடியாமல் தரையில் தட்டிப் பார்த்தான். சுலபமாகத் திறக்கும் டப்பா வாங்கினேன். பட்டன் வைத்த கால்சட்டைக்குப் பதில் எலாஸ்டிக். பள்ளி திறக்கும் ஜூனிலும் வேலூர் வெயில் விடாது. கேட்காமலே தண்ணீர் எடுத்துக் குடிக்கப் பழக்குங்கள்.

வாசலில் அழுவதை வைத்து முடிவு செய்யாதீர்கள். பத்து நிமிடத்தில் அடங்கினால் சரி. வாரக்கணக்கில் அழுது, சாப்பாடும் தூக்கமும் கெட்டால் கொஞ்ச நாள் தள்ளிப்போடலாம். அதுவரை பக்கத்து அங்கன்வாடியில் இரண்டு மணி நேரம் உட்காரட்டும், செலவும் இல்லை.