மோரும் தேனும்: ஆங்கிலத்தில் ஒப்பிட்டுப் பேசுவது எப்படி?

'தொட்டபெட்டாவை விட ஆனைமுடி உயரம்' என்கிறோம். 'உயரம்' அப்படியே நிற்கிறது, எல்லா வேலையையும் 'விட' பார்த்துக்கொள்கிறது. ஆங்கிலத்தில் அந்தச் சொல்லே மாறும். 'விட'வுக்குப் பதில் 'தேன்' வரும் (தேனீ தருவது அல்ல). எதை விட என்பது அதற்கும் பின்னால் போய்விடும்.

இந்த மலைகளை வைத்தே பழகுவோம். மூணாறு பக்கத்து ஆனைமுடி 2,695 மீட்டர், ஊட்டித் தொட்டபெட்டா 2,637 மீட்டர்.

முதலில் சொல்லை மாற்றுங்கள். 'ஹை' போன்ற குட்டிச் சொல்லுக்கு வாலில் 'அர்': 'ஆனைமுடி இஸ் ஹையர் தேன் தொட்டபெட்டா'. 'பியூட்டிஃபுல்' மாதிரி நீளமான சொல்லுக்கு முன்னால் 'மோர்'. மோர் ஊற்றினால் வால் கிடையாது. 'மோர் ஹையர்' தப்பு. 'குட்' தனி ரகம், முழுசாக 'பெட்டர்' ஆகிவிடும். ஒரு நேர்முகத் தேர்வில் நானே 'மோர் பெட்டர்' என்று சொல்லிவிட்டு வந்தவன்தான்.

அடுத்து, எவ்வளவு வித்தியாசம்? இங்கே வெறும் 58 மீட்டர், ஆகவே 'எ பிட் ஹையர்'. எவரெஸ்ட் 8,849 மீட்டர், அதற்கு 'மச் ஹையர்'. நம் வாயில் 'ரொம்ப' இருப்பதால் 'வெரி ஹையர்' என்று வந்துவிடும். 'வெரி' மாறாத சொல்லோடுதான் சேரும்: 'வெரி ஹை'.

அப்புறம், திருப்பிச் சொல்லிப் பாருங்கள். 'ஆனைமுடி அளவுக்குத் தொட்டபெட்டா உயரமில்லை': 'தொட்டபெட்டா இஸ் நாட் ஆஸ் ஹை ஆஸ் ஆனைமுடி'. நம் 'அளவுக்கு'தான் அந்த இரண்டு 'ஆஸ்'. நடுவில் இருக்கும் சொல் மாறாது. மனிதர்களை ஒப்பிடும்போது இதுவே நல்லது; 'ஸ்லோவர்' என்று முகத்துக்கு நேரே சொல்வதற்கு 'நாட் ஆஸ் ஃபாஸ்ட்' எவ்வளவோ தேவலை. மடங்கு சொல்லவும் இதே அச்சுதான்: எவரெஸ்ட், ஆனைமுடியைப் போல் 'மோர் தேன் த்ரீ டைம்ஸ் ஆஸ் ஹை'.

எனக்குப் பிடித்தது கடைசி வடிவம். மலையில் 'ஏற ஏறக் குளிரும்' என்போமே, அது 'த ஹையர் யூ கோ, த கோல்டர் இட் கெட்ஸ்'. நாம் வினையை இரட்டிக்கிறோம். அவர்கள் இரண்டு பக்கமும் 'த' போட்டு, மாறிய சொல்லை முன்னால் வைக்கிறார்கள். 'இஃப்' வேண்டாம், 'தேன்' வேண்டாம். 'வர வரக் குளிர் கூடுகிறது' என்றால் மட்டும் 'கோல்டர் அண்ட் கோல்டர்'.

ஒரு விதிவிலக்கு: 'சீனியர்', 'ஜூனியர்', 'ப்ரிஃபர்' மூன்றுக்கும் 'டு'. 'ஷீ இஸ் சீனியர் டு மீ', 'ஐ ப்ரிஃபர் காபி டு டீ'. காபியில் தேன் சேராது.