சேர்வர் விழுந்தால் யார் யாருக்கு என்ன சொல்வது: கொழும்பு ஐடி டீம்களுக்கு

கொழும்பில் நாலைந்து பேர் சேர்ந்து ஒரு கம்பனியின் சேர்வர்களைப் பார்த்துக்கொள்கிற டீம் என்றால், கண்காணிப்புக்கு ஏதாவது ஒரு மென்பொருள் கட்டாயம் ஓடிக்கொண்டிருக்கும். சபிக்ஸ், நாகியோஸ், புரோமிதியஸ், எதுவாகவும் இருக்கட்டும். பெரும்பாலும் இல்லாமல் இருப்பது, கோளாறு வந்ததும் தாமதமில்லாமல் வாடிக்கையாளர் கைக்குப் போய்ச் சேர வேண்டிய செய்தி. இரண்டையும் ஒரே வேலையாக நினைத்துச் செய்யுங்கள்.

முதலில் கண்காணிக்கிற கருவியை எங்கே வைப்பது என்று பாருங்கள். 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை முற்பகல், பாணந்துறை உப மின் நிலையத்தில் குரங்கு ஒன்று மோதியதாகச் சொல்லப்பட்டு நாடு முழுக்க கரண்ட் போனது நினைவிருக்கும். அப்படியான நாளில் யூபிஎஸ் இறங்கி, ஜெனரேட்டரும் கைவிட்டால், அதே ரெக்கில் (சேர்வர் அடுக்கில்) இருக்கிற கண்காணிப்பு சேர்வரும் சேர்ந்து அணையும், யாருக்கும் ஒரு அலேர்ட்டும் வராது. அதனால் சிங்கப்பூரிலோ மும்பையிலோ ஒரு சின்ன கிளவுட் சேர்வர் எடுத்து, அதில் தளம் இயங்குகிறதா என்று பார்க்கிற அப்டைம் கூமா மென்பொருளைப் போட்டு, உங்கள் தளத்தை வெளியிலிருந்து நிமிடத்துக்கு ஒரு தரம் தட்டிப் பார்க்க விடுங்கள். அந்த மென்பொருள் இலவசம், அரை மணி நேர வேலை. உள்ளே ஓடும் புரோமிதியஸையும் இடைவிடாமல் 'நான் உயிரோடு இருக்கிறேன்' என்று வெளியே ஒரு சிக்னல் அனுப்பச் செய்து, அது நின்றால் ஃபோன் அடிக்கிற மாதிரி வையுங்கள்.

அடுத்தது அலேர்ட். சிபியு 90 சதவீதம் போனதற்காக இரவு இரண்டு மணிக்கு ஒருவரை எழுப்பாதீர்கள். வாடிக்கையாளருக்குப் பக்கம் திறக்கவில்லை, பணம் செலுத்த முடியவில்லை, இதற்கு எழுப்புங்கள், மற்றதெல்லாம் காலையில் பார்க்கலாம். புரோமிதியஸில் ஒரு நிலைமை ஐந்து நிமிடம் தொடர்ந்தால் மட்டும் அலேர்ட் கிளம்பும்படி எழுதலாம், டிஸ்க் இப்போது எவ்வளவு என்பதை விட்டுவிட்டு, இதே வேகத்தில் போனால் நான்கு மணி நேரத்தில் நிரம்புமா என்று கேட்கிற விதியும் எழுதலாம். புரோமிதியஸின் அலேர்ட்களை அனுப்புகிற அலேர்ட்மேனேஜரில் ஒரே காரணத்தால் விழுந்த இருபது சேர்வர்களையும் ஒரே செய்தியாகத் திரட்டுங்கள். தளத்துக்கான இணைப்பைப் பாதுகாக்கிற எஸ்எஸ்எல் சான்றிதழ் காலாவதிக்கு 14 நாள் முன்னதாகவே எச்சரிக்கை வையுங்கள். இப்போது இதை அலட்சியம் செய்ய முடியாது, ஏனென்றால் அந்தச் சான்றிதழ்களின் ஆயுளைப் படிப்படியாகக் குறைத்து 2029 மார்ச்சில் 47 நாளாக்கப் போகிறார்கள்.

சரி, இப்போது உண்மையாகவே விழுந்துவிட்டது. திருத்துகிறவர் ஃபோன் எடுக்கக் கூடாது. இதை டீமில் எல்லோருக்கும், மேலே இருக்கிற முகாமையாளருக்கும் சேர்த்து, முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ஒருவர் திருத்துவார், இன்னொருவர் பேசுவார். பேசுகிறவர் மட்டும்தான் வாட்ஸ்அப் குரூப்பிலும், சேவை இயங்குகிறதா என்று வாடிக்கையாளர் பார்க்கிற நிலைப் பக்கத்திலும் எழுதுவார். அந்த நிலைப் பக்கம் உங்கள் சொந்த சேர்வரில் இருக்கவே கூடாது: 2017 பெப்ரவரி 28 அமேசானின் கிளவுட் சேமிப்புச் சேவையான எஸ்3 விழுந்தபோது, அவர்களுடைய நிலைப் பக்கமே எஸ்3ஐ நம்பி இருந்ததால் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் அதில் நிலைமையை மாற்றிப் போட முடியாமல் ட்விட்டரில் போய்ச் சொன்னார்கள்.

செய்தியில் மூன்று விஷயம் போதும்: எது இயங்கவில்லை, எப்போதிலிருந்து, அடுத்த தகவல் எத்தனை மணிக்கு. காரணம் தெரியாவிட்டால் காரணம் எழுத வேண்டாம். 'விரைவில் சரியாகும்' என்பதும் வேண்டாம், அதை யாரும் நம்புவதில்லை, நேரம் போட்டால் நம்புவார்கள், ஆனால் போட்ட நேரத்துக்கு, சொல்லப் புதிதாக ஒன்றுமே இல்லாவிட்டாலும், ஒரு வரியாவது போயே ஆக வேண்டும். நேரத்தை இலங்கை நேரத்தில் எழுதுங்கள். சேர்வரின் லொக் (பதிவேடு) யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் 08:40 காட்டும், வெள்ளவத்தையில் கடை வைத்திருப்பவருக்கு அது பிற்பகல் 2.10.

அப்புறம் மொழி. சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் உடனே போய், தமிழ்ச் செய்தி ஒரு மணி நேரம் கழித்து வருவது, சிலவேளை வராமலே போவது, இங்கே சாதாரணமாகிவிட்டது. எனக்கு இது பொறுக்க முடியாத விஷயம். கோளாறு நேரத்தில் மொழிபெயர்ப்பாளரைத் தேடினால் அப்படித்தான் நடக்கும், ஆகவே மூன்று மொழியிலும் வார்ப்புருவை இன்றைக்கே எழுதி, சேவையின் பெயரையும் நேரத்தையும் மட்டும் வெற்றிடமாக விட்டு வையுங்கள். எஸ்எம்எஸ் என்றால் நீளத்தையும் பாருங்கள். ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ்சுக்கு 160 எழுத்து, தமிழில் 70தான், அதிலும் கொம்பு, புள்ளி, கால் எல்லாம் தனித்தனியாக எண்ணப்படும். 'கொழும்பு' நம் கண்ணுக்கு நான்கு எழுத்து, அந்தக் கணக்கில் எட்டு. இதைப் பாருங்கள்:

'2.10 முதல் கார்ட் கட்டணம் இயங்கவில்லை. அடுத்த தகவல் 2.40க்கு.'

61 வருகிறது, ஒரே எஸ்எம்எஸ்சில் அடங்கும். இதிலே 'அன்பார்ந்த வாடிக்கையாளர்களே' என்று ஆரம்பித்தால் இரண்டாகப் பிரிந்து, காசும் இரட்டிப்பாகும்.

எந்த நாளில் யார் பொறுப்பு என்கிற முறைப் பட்டியல் போடும்போது போயா நாட்கள், பொங்கல், சித்திரைப் புத்தாண்டு எல்லாம் முதலிலேயே யார் பக்கம் விழுகிறது என்று பார்த்துப் பகிருங்கள். முறையில் இருப்பவரின் ஃபோனில் இரண்டு வேறு வலையமைப்புகளின் சிம் இருக்கட்டும், நீண்ட மின்வெட்டில் ஒரு கோபுரம் போனாலும் மற்றது எடுக்கும். மாதம் ஒரு தரம் வேலை நாளில், முன்கூட்டி அறிவித்துவிட்டு, ஒரு சோதனை சேர்வரை வேண்டுமென்றே நிறுத்தி, அலேர்ட் வந்த நேரத்தையும் முதல் தமிழ்ச் செய்தி தயாரான நேரத்தையும் குறித்து வையுங்கள். இரண்டுக்கும் நடுவில் பதினைந்து நிமிடத்துக்கு மேல் போனால் வார்ப்புருவில்தான் கை வைக்க வேண்டும்.