டேப்பில் தமிழ் வாசிப்பு: பெங்களூரு வீடுகளில் 4 முதல் 6 வயதுப் பிள்ளைகளுக்கு

பெங்களூருவில் பிள்ளை பள்ளிக்குப் போனால் ஆங்கிலமும் கன்னடமும் வந்துவிடும். 2015-ஆம் ஆண்டின் கன்னட மொழிக் கற்றல் சட்டத்துக்குப் பிறகு சி.பி.எஸ்.இ., ஐ.சி.எஸ்.இ. பள்ளிகளிலும் கன்னடம் கட்டாயம். தமிழ் பெரும்பாலும் பேச்சோடு நின்றுவிடுகிறது. எழுத்தும் வாசிப்பும் வீட்டின் பொறுப்பு. டேப்லெட்டை அந்த ஒரு வேலைக்கு மட்டும் ஒதுக்குங்கள். ரைம்ஸ், கார் ரேஸ், வண்ணம் தீட்டுவது எல்லாவற்றையும் அதிலேயே ஏற்றினால், தமிழ் ஆப்பை யாரும் திறக்கப்போவதில்லை.

நேரக் கணக்கு முதலில். 2019-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது: 2 முதல் 4 வயது வரை திரை நேரம் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது. டிவியும் இதில் சேர்த்தி. தமிழுக்கு 20 நிமிடம் தாராளம்.

படி 1: டேப்பைப் பூட்டுவது

புதிதாக வாங்கத் தேவையில்லை. வீட்டில் கிடக்கும் 8 அங்குல ஆண்ட்ராய்டு டேப் போதும். படங்களை வேறிடத்தில் சேமித்து, அப்பா அம்மாவின் கூகுள் கணக்கை நீக்கிய பிறகு ஃபேக்டரி ரீசெட் (எல்லாவற்றையும் அழித்துப் புதிதுபோல் ஆக்குவது) செய்யுங்கள். கணக்கை நீக்காமல் ரீசெட் செய்தால், சில சமயம் பழைய பாஸ்வேர்டைக் கேட்டு டேப் அடம்பிடிக்கும்.

உங்கள் போனில், பிள்ளையின் டேப்பைக் கட்டுப்படுத்த உதவும் கூகுள் ஃபேமிலி லிங்க் ஆப்பை ஏற்றி, பிள்ளைக்கு ஒரு கணக்கு உருவாக்கி, டேப்பில் அந்தக் கணக்கையே போடுங்கள். நாளுக்கு 30 நிமிட வரம்பு வையுங்கள். இரவு 7 மணிக்கு மேல் டேப் திறக்காதபடி செய்யுங்கள். யூடியூபையும் குரோமையும் தடுத்துவிடுங்கள். அந்தக் கணக்கில் கார்டு, யு.பி.ஐ. எதையும் சேர்க்க வேண்டாம்.

அடுத்து, செட்டிங்ஸில் பாதுகாப்புப் பகுதிக்குள் 'ஆப் பின்னிங்' இருக்கும். அதை இயக்கி, வெளியேற பின் நம்பர் கேட்கும்படி வையுங்கள். இனி ஆப்பைத் திறந்து பின் செய்து கொடுத்தால், பிள்ளை எங்கே தட்டினாலும் அந்த ஆப்பை விட்டு வெளியே போகாது. ஐபேட் என்றால் இதே வேலையை 'கைடட் ஆக்சஸ்' செய்யும்.

படி 2: எதை ஏற்றுவது

பிரதம் புக்ஸ் நம் ஊர் பதிப்பகம்தான். 2015-ல் அவர்கள் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. மொழியில் தமிழையும், வாசிப்பு நிலையில் 1-ஐயும் தேர்ந்தெடுத்து, உங்கள் போனில் ஐந்தாறு கதைகளை பி.டி.எஃப். ஆக இறக்கி டேப்புக்கு அனுப்புங்கள். ஐம்பது கதை இருந்தால் பிள்ளை அட்டைப் படத்தை மட்டும் தள்ளிக்கொண்டே இருக்கும்.

எழுத்துப் பழக்கும் ஆப் ஒன்று போதும். பிளே ஸ்டோரில் ஆப்பின் பெயருக்குக் கீழே 'விளம்பரங்கள் உள்ளன' என்றிருந்தால் கூடியவரை தவிருங்கள். விளம்பரத்தை மூடும் பெருக்கல் குறி பிள்ளை விரலுக்கு எட்டாத அளவு சிறிது. அதைத் தொடப்போய் விளம்பரத்தையே தொட்டுவிடும். வேறு வழியில்லை என்றால் ஏரோபிளேன் மோடில் போட்டுக் கொடுங்கள். இணையம் இல்லாமல் ஓடும் ஆப் என்றால் புது விளம்பரம் வராது.

படி 3: உட்கார்ந்து படிப்பது

டேப்பைத் தரையில் படுக்க வைத்தால் கழுத்து வலிக்கும். இரண்டு தடிப் புத்தகத்தில் சாய்த்து, கண்ணிலிருந்து ஒரு முழம் தள்ளி வையுங்கள். சார்ஜில் இருக்கும்போது கொடுக்க வேண்டாம்.

முதல் முறை நீங்கள் வாசியுங்கள்; சொல்லுக்குக் கீழே விரல் நகரட்டும். இரண்டாம் முறை இருவரும் சேர்ந்து. மூன்றாம் முறை பிள்ளை சொல்லட்டும், அது தடுமாறும் இடத்தில் மட்டும் நீங்கள் கைகொடுங்கள். பக்கத்தைத் தள்ளும் வேலை பிள்ளைக்கே. நீங்கள் பக்கத்தில் இல்லாவிட்டால் இந்தப் படியே இல்லை; டேப் தனியாக வாசிக்கக் கற்றுத்தராது.

எழுத்துக்கு அ, ஆ வரிசை கட்டாயமில்லை. 'அ' சுழித்து எழுத வேண்டிய எழுத்து, கைக்குக் கடினம். ட, ப இரண்டும் கோடு கோடாக வருபவை, ம-வில் மட்டும் ஒரு வளைவு. அவற்றோடு புள்ளியும் தெரிந்தால் படம், பட்டம், மடம், மட்டம் என்று முதல் வாரத்திலேயே முழுச் சொல்லை வாசிக்கலாம். 247 எழுத்தும் முடியட்டும் என்று காத்திருந்தால் அதற்குள் ஆர்வம் போய்விடும்.

ஆப்பில் எழுதிய எழுத்தை அன்றே சிலேட்டில் பல்பத்தால் எழுத வையுங்கள். கண்ணாடியில் விரலால் இழுப்பது வடிவத்தைப் பழக்கும், பிடிப்பைப் பழக்காது.

எங்கே சிக்கும்

ஆப்பில் எழுதும்போது கோடு நடுவில் அறுந்துபோனால் பெரும்பாலும் உள்ளங்கை திரையில் படுகிறது என்று பொருள். ஈரக்கை, முறுக்கு தின்ற எண்ணெய்க் கை இரண்டுக்கும் தொடுதிரை சரியாக வேலை செய்யாது. கை துடைத்துவிட்டுத் தொடங்குங்கள்.

ஆப்பில் எல்லாவற்றையும் சரியாகச் சொல்லும் பிள்ளை, தினசரிக் காலண்டரில் அதே எழுத்தைக் காட்டினால் விழிக்கும். ஆப்பில் எழுத்தை அல்ல, பக்கத்துப் படத்தையும் பாட்டையும் அது மனப்பாடம் செய்திருக்கிறது. ஒலியை நிறுத்தி, படத்தைக் கையால் மறைத்துக் கேளுங்கள்.

கன்னடம் பழகிய பிள்ளை 'பகல்' என்பதில் உள்ள 'க'வை அழுத்திச் சொல்லும், ஏனென்றால் அங்கே க-வுக்கும் அதன் மெல்லிய ஒலிக்கும் தனித்தனி எழுத்து. இதற்கு விளக்கம் வேண்டாம். சொல்லைச் சரியாகச் சொல்லிக் காட்டிவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள். 'கொ' வேறு சிக்கல்: முன்னும் பின்னும் குறி வருவதால் பிள்ளை முதல் கொம்பிலேயே நின்றுவிடும். அதைத் துண்டு துண்டாகப் பிரிக்காமல், கொக்கு, கொடி என்று சொல்லோடு சேர்த்து ஒரே உருவமாகக் காட்டுங்கள்.

நேரம் முடிந்து டேப் தானாகப் பூட்டிக்கொள்ளும்போது அழுகை வரும். முடியப்போகிறது என்ற அறிவிப்பைப் படிக்க அந்த வயதுக்குத் தெரியாது. அதனால் 30 நிமிட வரம்பை நம்பாமல், 20-ஆவது நிமிடம் நெருங்கும்போது "இந்தக் கதை முடிஞ்சதும் வெச்சிடலாம்" என்று சொல்லி, கடைசிப் பக்கத்தில் நீங்களே மூடிவிடுங்கள்.