குறைந்த விலை மின்கார்: முதலில் வீட்டு பிளக் பாயின்ட்டைச் சரிசெய்யுங்கள்

டாடா டியாகோ இவி போன்ற சிறிய மின்காரில் வரும் தொல்லைகள் பெரும்பாலும் வீட்டுச் சுவரிலுள்ள 15 ஆம்ப் பாயின்ட்டில்தான் தொடங்குகின்றன. கீசர் கால் மணி நேரத்தில் அணைந்துவிடும். ஏசி கம்ப்ரசர் விட்டுவிட்டு ஓடும். கார் சார்ஜரோ எட்டு, ஒன்பது மணி நேரம் நிற்காமல் மின்சாரம் இழுக்கும். பழைய பாயின்ட் அதைத் தாங்காது. பிளக் முனை சூடேறி, பிளாஸ்டிக் உருகிக் கருகும்.

அதனால் டிபி பாக்ஸிலிருந்து (வீட்டின் மின்சாரம் பிரியும் பெட்டி) காருக்கென்றே தனி லைன் இழுங்கள். 4 சதுர மி.மீ. காப்பர் ஒயர் போதும். தூரம் 30 மீட்டரைத் தாண்டினால் 6. நடுவில் ஜாயின்ட் கூடாது. 20 ஆம்ப் எம்சிபி (அளவுக்கு மீறி மின்சாரம் ஓடினால் தானே அணையும் சுவிட்ச்), 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் துண்டிக்கும் சுவிட்ச்; ஏ டைப்பாகக் கேட்டு வாங்குங்கள்), பிளக்கை இறுகப் பிடிக்கும் நல்ல சாக்கெட் போடுங்கள். இன்வெர்ட்டர் லைனில் கொடுக்க வேண்டாம். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் அறவே வேண்டாம். முதல் நாள் அரை மணி நேரம் சார்ஜ் ஏறியதும் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் சரி. கை வைக்க முடியாவிட்டால் உடனே நிறுத்துங்கள்.

அடுத்தது எர்த். மல்டிமீட்டரில் பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 230 வோல்ட் அளவில் காட்ட வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 2, 3 வோல்ட்டுக்குள். எர்த் சரியில்லை என்றால் சார்ஜர் சிவப்பு விளக்கு காட்டி நின்றுவிடும். கோடையில் எர்த் குழி காய்ந்தாலும் இப்படி ஆகும். தண்ணீர் ஊற்றினாலே பல வீடுகளில் சரியாகிவிடும். இந்த இடத்தில் சில எலக்ட்ரீஷியன்கள் சாக்கெட்டுக்குள் நியூட்ரலையும் எர்த்தையும் சேர்த்து முறுக்கிவிடுவார்கள். விளக்கு பச்சையாகும், சார்ஜும் ஏறும். ஆனால் நியூட்ரல் எங்காவது அறுந்தால் கார் பாடி முழுவதும் கரன்ட் பாயும். தயவுசெய்து இதற்கு ஒருபோதும் சம்மதிக்காதீர்கள். தனி எர்த் குழி போடும் செலவு உயிரைவிடப் பெரிதல்ல.

டியாகோவின் 24 கிலோவாட் மணி பேட்டரியை 20 சதவீதத்திலிருந்து 100 வரை ஏற்ற, வழியில் வீணாவதையும் சேர்த்து 21, 22 யூனிட் ஆகும். தமிழ்நாட்டில் இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால், கீழ்ப்படியிலுள்ள யூனிட்டுகளின் விலையும் உயரும். ஆகவே வீட்டின் வழக்கமான யூனிட்டோடு காருக்கானதைக் கூட்டிப் பார்த்துத்தான் லாபக் கணக்குப் போட வேண்டும்.

ஒரு முழு சார்ஜில் 315 கி.மீ. ஓடும் என்று 2022-இல் கார் அறிமுகமானபோது கம்பெனி சொன்னது சோதனைக்கூடக் கணக்கு. ஏசியோடு ஊருக்குள் ஓட்டினால் 180 முதல் 200 என்று வைத்துக்கொள்ளுங்கள். நெரிசலில் ஊர்ந்தாலும் ஏசி ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய ஒரு யூனிட்டைத் தின்னும். அந்த நேரத்தில் பத்து கி.மீ. மட்டும் நகர்ந்திருந்தால் இழப்பு உறைக்கும். நெடுஞ்சாலையில் 100 கி.மீ. வேகத்தை விட 80-இல் போவது ரேஞ்சை (ஒரு சார்ஜில் ஓடும் தூரத்தை) நன்றாகவே கூட்டும்.

இந்தக் காரில் இருப்பது எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) வகை பேட்டரி. இதில் பெரும்பகுதி நேரம் வோல்டேஜ் அதிகம் மாறாததால், மீதிச் சார்ஜை அளப்பது காருக்கே கடினம். அவ்வப்போது வீட்டு சார்ஜரில் மெதுவாக 100 வரை ஏற்றினால்தான் கணக்கு நேராகும். இல்லாவிட்டால் 15 சதவீதம் காட்டிக்கொண்டிருந்தது திடீரென்று சரியும்.

பெரிய பேட்டரியில் சார்ஜ் நிறைய இருந்தும் கார் உயிர் பெறவில்லையா? பானட்டுக்குள் இருக்கும் 12 வோல்ட் பேட்டரியைப் பாருங்கள். வாரக்கணக்கில் ஊருக்குப் போவதானால் அதன் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டு, பெரிய பேட்டரியைப் பாதி அளவில் விட்டுச் செல்லுங்கள். வேகம் குறையும்போது மோட்டாரே காரைப் பிடித்துப் பேட்டரிக்குச் சார்ஜ் அனுப்பும் ரீஜென் பிரேக்கால் டிஸ்க்குக்கு வேலை குறைவு; மழைக்காலத்தில் துரு ஏறும். அந்தத் துரு போக, வாரம் இரண்டு முறை, பின்னால் வண்டி இல்லாதபோது, பிரேக்கை நன்றாக அழுத்தி நிறுத்துங்கள்.