ஆபத்தான கடல்வழியில் கப்பல் சுற்றுலா: முன்பணம் கட்டுவதற்கு முன் என்ன பார்க்க வேண்டும்?

தஞ்சாவூரிலிருந்து சித்தப்பா போன் செய்தார். "ஏம்மா, நீங்க துபாய்ல ஏறி இத்தாலி வரைக்கும் கப்பல்ல போனீங்களே, அதே மாதிரி நானும் சித்தியும் போகலாமா? டிவியில செங்கடல்ல கப்பலை அடிக்கிறான்னு காட்டுறாங்களே" என்றார். நானும் அப்பா அம்மாவும் அந்தப் பயணம் போனது 2019 ஏப்ரலில். அப்போது எங்களுக்கு இருந்த பயம் வேறு, இப்போது சித்தப்பாவுக்கு இருக்கும் பயம் வேறு. அவருக்காக ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்ததை, முதல்முறை கப்பலில் போக நினைப்பவர்களுக்கு உதவும் என்று வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு சின்ன விளக்கம். குளிர்காலத்தில் வளைகுடாவில் ஓடும் சொகுசுக் கப்பல்கள் வெயில் ஏறத் தொடங்கியதும் மத்தியதரைக் கடலுக்குப் போய்விடும். இலையுதிர் காலத்தில் திரும்பி வரும். கப்பல் எப்படியும் இடம் மாறியாக வேண்டும் என்பதால், அந்த ஒருவழிப் பயணத்துக்கும் டிக்கெட் விற்கிறார்கள். துறைமுகங்கள் குறைவு, கடலில் கழியும் நாட்கள் அதிகம், அதனால் ஒரு நாளுக்கான கட்டணம் குறைவாக இருக்கும். நம் ஆட்களின் கண் முதலில் படுவது இந்த விலையில்தான். வழி மட்டும் ஏடன் வளைகுடா, பாப் அல் மண்டப் நீரிணை, செங்கடல், சூயஸ் கால்வாய் என்று போகும்.

படி 1: "கடலில்" என்று போட்டிருக்கும் நாட்களை வரைபடத்தில் வையுங்கள்

பயணத் திட்டத்தில் ஊர் பெயர் உள்ள நாட்களைத்தான் எல்லோரும் படிப்பார்கள். நீங்கள் ஊர் பெயர் இல்லாத நாட்களைப் படியுங்கள். எங்கள் தாளில் ஓமானின் சலாலாவுக்கு அப்புறம் தொடர்ந்து ஐந்து வரிகளில் "கடலில்" என்று மட்டுமே இருந்தது. எல்லாம் அந்த ஐந்து வரிகளுக்குள்தான் இருக்கிறது.

கணக்கு எளிது. சலாலாவிலிருந்து பாப் அல் மண்டப் சுமார் 700 கடல் மைல். கப்பல் 18 நாட் வேகத்தில் போகிறது என்று வையுங்கள். நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர். 700ஐ 18ஆல் வகுத்தால் ஏறக்குறைய 39 மணி நேரம். மாலை ஆறு மணிக்குக் கிளம்பினால் மறுநாள் முழுவதும் ஏடன் வளைகுடா. அதற்கடுத்த நாள் காலை ஒன்பது மணி வாக்கில், 30 கிலோமீட்டருக்கும் குறைவான அகலமுள்ள அந்த நீரிணைக்கு வந்துவிடுவோம். அதன்பின் யேமன் கரையை ஒட்டிய தெற்குச் செங்கடலைத் தாண்ட இன்னும் அரை நாளாவது ஆகும்.

சித்தப்பாவுக்கு இதைக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "அப்போ இருபது நாள் பயணத்துல ரெண்டு நாள்தானா?" என்று கேட்டார். ஆமாம். பயம் முழுப் பயணத்தின் மேலும் படர்ந்திருந்தால் அதை எடைபோட முடியாது. இரண்டு நாளுக்குள் அடக்கி வைத்தால் கேள்வி கேட்கலாம்.

படி 2: எந்த மாதிரி ஆபத்து என்று பிரியுங்கள்

இந்தப் படியில் கொஞ்சம் நிதானமாக இருங்கள். "ஆபத்தான கடல்" என்று ஒரே சொல்லில் சொன்னாலும் உள்ளே இருப்பது நாலைந்து விதமான ஆபத்து. ஒன்றுக்கு உதவும் பாதுகாப்பு இன்னொன்றுக்கு உதவாது.

கடற்கொள்ளையரை எடுத்துக்கொள்ளுங்கள். 2005 நவம்பர் 5 அன்று சோமாலியா கரைக்கு அப்பால் 'சீபோர்ன் ஸ்பிரிட்' என்ற சிறிய சொகுசுக் கப்பலை இரண்டு படகுகளில் வந்தவர்கள் துப்பாக்கியாலும் ராக்கெட் குண்டாலும் தாக்கினார்கள். கேப்டன் பயணிகளை உள்ளே கூடச் சொல்லிவிட்டு வேகத்தைக் கூட்டித் தப்பினார். ஊழியர் ஒருவர் காயமடைந்தார். 2008 நவம்பர் 30 அன்று ஏடன் வளைகுடாவில் 'நாட்டிகா' கப்பலைத் துரத்தியவர்கள் எட்டு முறை சுட்டும் பிடிக்க முடியவில்லை. 2009 ஏப்ரல் 25 அன்று சீஷெல்ஸ் அருகே 'எம்எஸ்சி மெலடி' மேல் ஏற முயன்றவர்களைக் கப்பலின் காவலர்கள் கைத்துப்பாக்கியால் சுட்டு விரட்டினார்கள். மூன்றிலுமே கொள்ளையரால் கப்பலுக்குள் கால் வைக்க முடியவில்லை.

காரணம் இருக்கிறது. கொள்ளையருக்கு வேண்டியது பணயம். அதற்கு மெதுவாகப் போகும், பக்கச் சுவர் தாழ்ந்த கப்பல்தான் வசதி. பெரிய சொகுசுக் கப்பலின் மேல்தளம் பல மாடி உயரத்தில் இருக்கும், வேகமும் 18 நாட் அளவுக்கு மேல் போகும். ஏணியைக் கொக்கி போட்டு மாட்டி ஏறுவது ரொம்பக் கஷ்டம். அதோடு தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும் ஜூன் முதல் செப்டம்பர் வரை சின்னப் படகுகள் அரபிக் கடலில் நிற்பதே கஷ்டம். 2019இல் எங்களுக்கு இருந்த பயம் இந்த வகை. இதற்குக் கப்பலே பாதி பதில்.

ஏவுகணையும் டிரோனும் அப்படியில்லை. 2023 நவம்பர் 19 அன்று யேமனின் ஆயுதக் குழுவான ஹவுதிகள் ஹெலிகாப்டரில் இறங்கி 'கேலக்ஸி லீடர்' என்ற கார் ஏற்றும் கப்பலைப் பிடித்தார்கள். அதன் ஊழியர்கள் 2025 ஜனவரியில்தான் விடுவிக்கப்பட்டார்கள். அந்தக் கப்பலைப் பிடித்ததற்கு அப்புறம் நூற்றுக்கு மேற்பட்ட தாக்குதல்கள் நடந்தன. 2024 மார்ச்சில் 'ட்ரூ கான்ஃபிடன்ஸ்' கப்பலில் மூன்று மாலுமிகள் இறந்தார்கள். 2025 ஜூலையில் 'மேஜிக் சீஸ்', 'எடர்னிட்டி சி' என்ற இரண்டு சரக்குக் கப்பல்களை அடுத்தடுத்து மூழ்கடித்தார்கள். இங்கே உயரமான சுவரும் வேகமும் எந்த உதவியும் செய்யாது. பெரிய கப்பல் இன்னும் பெரிய இலக்கு, அவ்வளவுதான். இந்தத் தாக்குதல்கள் காசா போரையொட்டி அரசியல் காரணத்துக்காக நடந்தவை. போர் நிறுத்தம் வந்தால் ஒரே நாளில் நிற்கலாம், முறிந்தால் ஒரே நாளில் திரும்பவும் தொடங்கலாம்.

இதனால்தான் 2024இல் சொகுசுக் கப்பல் நிறுவனங்கள் செங்கடலை விட்டு ஆப்பிரிக்காவைச் சுற்றி, நன்னம்பிக்கை முனை வழியாகப் போயின. சில இடமாற்றப் பயணங்களை ரத்தே செய்துவிட்டார்கள்.

சிங்கப்பூர் நீரிணை மூன்றாவது வகை. அங்கே செய்திகளில் வருபவை பெரும்பாலும் இரவில் மெதுவாகப் போகும் சரக்குக் கப்பலில் ஏறி உதிரிபாகம் திருடும் வேலை. விளக்கெரிய, ஆள் நடமாட்டத்தோடு போகும் சொகுசுக் கப்பலுக்கு அது பெரிய விஷயமில்லை. கருங்கடல் வேறு கதை. 2022 பிப்ரவரியில் போர் தொடங்கியபின் மிதக்கும் கண்ணிவெடிகளும் அங்கே கவலை.

ஆக, உங்கள் வழியில் இருப்பது திருட்டா, பணயமா, ஏவுகணையா, கண்ணிவெடியா என்று ஒரு வரியில் எழுதிவிடுங்கள். ஏவுகணை என்று எழுத வேண்டி வந்தால் என் பதில் நேரடியானது: அந்த வழிக்கு முதியவர்களை அழைத்துப் போகாதீர்கள். கட்டணம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரி.

படி 3: இன்றைய நிலவரத்தைச் சரியான இடத்தில் பாருங்கள்

டிவி போதாது. கப்பல்களுக்கு எச்சரிக்கை தரும் பிரிட்டிஷ் கடற்படைப் பிரிவான யுகேஎம்டிஓ (UKMTO) இணையதளத்தில் செங்கடல், ஏடன் வளைகுடா, அரபிக் கடல் சம்பவங்கள் தேதியோடு வரும். கோலாலம்பூரில் உள்ள சர்வதேச கடல்சார் பணியகத்தின் கொள்ளைத் தகவல் மையம் ஒரு வரைபடமே வைத்திருக்கிறது. இரண்டுமே இலவசம். கடைசி ஆறு மாதத்தில் உங்கள் வழியில் என்ன நடந்தது, எந்த மாதிரிக் கப்பலுக்கு நடந்தது என்று மட்டும் பாருங்கள். நம் வெளியுறவுத் துறையின் பயண அறிவுரையையும் பார்த்துவிடுங்கள். இன்சூரன்ஸுக்கு அது வேண்டும்.

படி 4: ஒப்பந்தத்தையும் இன்சூரன்ஸையும் வரி விடாமல் படியுங்கள்

நடக்க அதிக வாய்ப்புள்ள இழப்பு குண்டு விழுவதல்ல, வழி மாறுவது. டிக்கெட்டோடு வரும் நிபந்தனைகளில், பாதுகாப்புக் காரணத்துக்காகக் கப்பல் வழியை மாற்றலாம், துறைமுகங்களைக் கைவிடலாம் என்று இருக்கும். அப்படி மாற்றினால் இழப்பீடு உண்டா, முழுப்பணம் திரும்புமா, அடுத்த பயணத்துக்கான வரவு மட்டும்தானா? இதை ஏஜென்ட்டிடம் வாய்வார்த்தையாகக் கேட்காமல் மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள்.

வழி மாறினால் விசாவும் மாறும். பெரும்பாலோர் மறந்துவிடுவது இதைத்தான். எகிப்து, இத்தாலி என்று திட்டமிட்ட பயணம் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போனால் தென்னாப்பிரிக்க விசா வேண்டிவரும், இந்திய பாஸ்போர்ட்டுக்கு அது கட்டாயம். கப்பல் மேற்கு ஆப்பிரிக்கத் துறைமுகங்களில் நின்றால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றும் தேவைப்படலாம். சான்றில்லாமல் அந்த நாடுகளிலிருந்து இந்தியா திரும்பினால் தனிமைப்படுத்துவார்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் இந்த ஊசி போடுகிறார்கள். போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்று செல்லும். அறுபது வயது தாண்டியவர்களுக்கு இந்த ஊசி சரிப்படுமா என்று மருத்துவரைக் கேட்காமல் போடவே கூடாது. சித்தப்பாவுக்கு வயது 67. அவருடைய திட்டத்தில் எனக்கு முதலில் தயக்கம் வந்தது இங்கேதான், ஏவுகணையில் அல்ல.

இன்சூரன்ஸில் மூன்று இடங்களைத் தேடுங்கள். போர், உள்நாட்டுக் கலவரம் விலக்கு என்ற பிரிவு இருக்கிறதா? பெரும்பாலும் இருக்கும். அரசு "போக வேண்டாம்" என்று சொன்ன இடத்துக்குப் போனால் பாலிசி செல்லுமா? மூன்றாவது, கடலிலிருந்து நோயாளியைக் கரைக்குக் கொண்டுவரும் செலவுக்கு எவ்வளவு வரை தருவார்கள்? அப்புறம், செய்தியில் வந்துவிட்ட பிரச்சினைக்குப் பிறகு வாங்கிய பாலிசி அந்தப் பிரச்சினைக்குக் கைகொடுக்காமல் போகலாம். அதனால் முன்பணம் கட்டும் அன்றே பாலிசியையும் எடுத்துவிடுங்கள்.

படி 5: கொள்ளையரை விட்டுவிட்டு உடம்பைப் பாருங்கள்

2012 பிப்ரவரி 27 அன்று 'கோஸ்டா அலெக்ரா' சீஷெல்ஸ் பக்கம் போய்க்கொண்டிருந்தது. கொள்ளையர் பயம் உச்சத்தில் இருந்த காலம். ஆனால் வந்தது தீ, ஜெனரேட்டர் அறையில். மின்சாரம் போய், குளிர்சாதனம் போய், ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மூன்று நாள் வெயிலில் தவித்தார்கள். ஒரு பிரெஞ்சு மீன்பிடிக் கப்பல் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு போய் மாஹே தீவில் சேர்த்தது.

அப்படி மூன்று நாள் என்றால் உங்கள் வீட்டுப் பெரியவர் தாங்குவாரா? இன்சுலின் குளிரில் இருக்க வேண்டுமே, என்ன செய்வது? நடுக்கடலில் நெஞ்சு வலி வந்தால் ஹெலிகாப்டர் எட்டும் தூரத்தில் கப்பல் எத்தனை நாள் இருக்கும்? கப்பலில் மருத்துவர் உண்டு, முதலுதவிக்கு வசதி உண்டு. இதய அறுவை சிகிச்சைக்கு வசதி கிடையாது. முதல் படியில் குறித்த அந்த "கடலில்" நாட்கள் இங்கேயும் உதவும்.

படி 6: எல்லைக்கோட்டை முன்கூட்டியே போடுங்கள்

எந்த நிலை வந்தால் போக மாட்டோம் என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே எழுதி வையுங்கள். முழுத்தொகை கட்டும் கடைசித் தேதிக்கு ஒரு வாரம் முன்னால் எடுத்துப் பாருங்கள். பாதிப் பணம் கட்டிய பின் மனசு சாதகமான செய்தியை மட்டுமே தேடும். சித்தப்பா எழுதியது இரண்டே வரி: "மூணு மாசத்துல செங்கடல்ல கப்பல் மேல தாக்குதல் நடந்திருந்தா வேண்டாம். வழி மாறினா பணம் திரும்பாதுன்னா வேண்டாம்." வழி மாறினால் பணம் திரும்பாது என்று ஏஜென்ட்டிடமிருந்து பதில் வந்தது; இரண்டாவது வரியிலேயே திட்டம் நின்றுபோனது. அவரும் சித்தியும் ஏதென்ஸுக்கு விமானத்தில் போய், அங்கிருந்து ஏழு நாள் கிரேக்கத் தீவுகளைச் சுற்றும் கப்பலில் ஏறுவதாக முடிவு செய்தார்கள். செலவு கூடுதல்தான். ஆனால் அந்த வழியில் எந்த இரவும் கரையிலிருந்து வெகுதூரமில்லை.

படி 7: போவதென்று முடிவானால்

நிலைமை அமைதியாக இருந்து, எல்லாப் படிகளும் தேறி நீங்கள் அந்த வழியில் போகிறீர்கள் என்றால், கப்பலில் நடப்பதைப் பார்த்துப் பதற வேண்டாம். எங்கள் பயணத்தில் ஏடன் வளைகுடாவுக்கு முந்தின நாள் ஒத்திகை வைத்தார்கள். அறிவிப்பு வந்ததும் பால்கனி கதவைப் பூட்டி, திரையை மூடி, கேபினுக்கு வெளியே நடைவழியில் தரையில் உட்கார வேண்டும். ஜன்னலிலிருந்து தள்ளி இருப்பதற்கும், கப்பல் சட்டென்று திரும்பினால் விழாமல் இருப்பதற்கும் அந்த ஏற்பாடு. அடுத்த இரண்டு இரவுகள் திறந்த டெக் விளக்குகளை அணைத்துவிட்டார்கள். பக்கவாட்டுத் தளத்தில் தண்ணீர்க் குழாய்களை வெளிப்பக்கம் பார்த்துக் கட்டியிருந்தார்கள்.

முட்டி வலி உள்ளவர்களுக்குத் தரையில் உட்கார முடியாது என்று ஊழியரிடம் ஒத்திகைக்கு முன்பே சொல்லிவிடுங்கள். அம்மாவுக்கு ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். அவர் கையில் ஒரு சுருக்குப் பை இருந்தது. ரத்த அழுத்த மாத்திரை மூன்று நாளுக்கு, மூக்குக் கண்ணாடி, பாஸ்போர்ட் நகல், ஒரு சின்ன டார்ச். ஒத்திகை முடிந்த பின்னும் அந்தப் பையைத் தலையணைக்கு அடியிலேயே வைத்திருந்தார். சூயஸில் நுழைந்த அன்று காலைதான் எடுத்துப் பெட்டிக்குள் வைத்தார்.