நிலக்காட்சிப் படங்களுக்கு டெலிகன்வர்ட்டர்: மதுரைக் குன்றுகளை முன்வைத்து ஒரு வழிகாட்டி

மதுரையைச் சுற்றியுள்ள யானைமலை, பசுமலை, திருப்பரங்குன்றம் போன்றவை சமவெளிக்கு நடுவே தனித்து எழுந்து நிற்கும் பாறைக் குன்றுகள். அவற்றை வைட் ஆங்கிள் லென்ஸில் எடுத்தால், மின்கம்பியும் கட்டடமும் வெளுத்த வானமும் சட்டத்தை நிறைத்துக்கொள்ள, நேரில் நம்மை மலைக்க வைத்த பாறை படத்தில் ஒரு சிறு மேடாகச் சுருங்கிவிடுகிறது. ஆகவே இந்தப் பகுதியில் நிலக்காட்சி எடுப்பவர்களுக்கு தொலைவில் உள்ளதை நெருக்கிக் காட்டும் டெலி லென்ஸ் ஓர் அன்றாடக் கருவி. 70-200 எஃப்/2.8 (குவியத் தொலைவு 70 முதல் 200 மி.மீ., முழுத் திறப்பு எஃப்/2.8) போன்ற தரமான லென்ஸ் கையில் இருந்து, இன்னும் சற்று நெருங்கினால் நன்றாக இருக்குமே என்று தோன்றும்போது, பல லட்ச ரூபாய் கொடுத்து அடுத்த பெரிய லென்ஸை வாங்குவதற்கு முன் எண்ணிப் பார்க்க வேண்டியது, ஏறக்குறைய 200 கிராம் எடையே உள்ள 1.4 மடங்கு டெலிகன்வர்ட்டரை.

கன்வர்ட்டர் என்பது கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே பொருத்தப்படும் ஒரு சிறு கண்ணாடித் தொகுதி. லென்ஸ் உருவாக்கும் பிம்பத்தின் நடுப்பகுதியை அது விரித்து, சென்சர் முழுவதும் பரப்புகிறது. பிம்பம் விரிவதால் ஒளியும் விரிந்து மங்குகிறது. 1.4 மடங்குக் கன்வர்ட்டரில் ஒரு ஸ்டாப் ஒளியும் (அதாவது பாதி), 2 மடங்கில் இரண்டு ஸ்டாப் ஒளியும் (முக்கால் பங்கு) குறைகின்றன. அதாவது 70-200 எஃப்/2.8 லென்ஸ் முதலாவதோடு 98-280 எஃப்/4 ஆகவும், இரண்டாவதோடு 140-400 எஃப்/5.6 ஆகவும் மாறுகிறது. பிம்பத்தோடு சேர்ந்து லென்ஸின் குறைகளும் அதே அளவுக்குப் பெரிதாகும் என்பதால், சுமாரான லென்ஸின் பின்னால் எவ்வளவு விலையுயர்ந்த கன்வர்ட்டரைப் போட்டாலும் பயனில்லை. முதலில் லென்ஸ் நன்றாக இருக்க வேண்டும்.

பறவைகளை எடுப்பவர்கள் கன்வர்ட்டரைப் பற்றிச் சொல்லும் குறைகளைக் கேட்டே பலர் அதை ஒதுக்கிவிடுகிறார்கள். அவர்களுக்கு ஒரு ஸ்டாப் போவது உண்மையிலேயே பெரிய இழப்புதான், ஏனென்றால் ஷட்டர் வேகத்தையும் விட முடியாது, சென்சரின் ஒளியுணர்வைக் குறிக்கும் ஐஎஸ்ஓவையும் ஏற்ற முடியாது, ஆட்டோ ஃபோகஸும் மந்தமாகிவிடும். நிலக்காட்சியில் கணக்கே வேறு. எப்படியும் கேமராவை ட்ரைபாடில் வைத்து எஃப்/8 அளவுக்கு அப்பர்ச்சரை, அதாவது லென்ஸின் ஒளித் திறப்பை, குறைத்தே (எஃப் எண் கூடக் கூடத் திறப்பு சிறிதாகும்) எடுக்கப்போகிறோம் என்பதால், எஃப்/2.8 என்பது எஃப்/4 ஆகிவிட்டது என்று வருந்த ஒன்றுமில்லை. மலையும் எங்கும் பறந்துவிடாது. என் அனுபவத்தில், நல்ல லென்ஸோடு சேர்ந்த கன்வர்ட்டர்மீது சுமத்தப்படும் பழியில் பெரும்பகுதி காற்றுக்கும் அதிர்வுக்கும் தவறான ஃபோகஸுக்கும் உரியது.

வாங்குவதற்கு முன் உங்கள் லென்ஸுக்கு அது பொருந்துமா என்பதை உற்பத்தியாளரின் பட்டியலில் கட்டாயம் பாருங்கள். பல கன்வர்ட்டர்களின் முன்கண்ணாடி வெளியே நீண்டிருக்கும். பொருந்தாத லென்ஸில் திணித்தால் அது லென்ஸின் பின்கண்ணாடியில் இடித்துவிடும். பட்டியலில் இருந்தாலும் நிபந்தனைகள் இருக்கலாம். கேனனின் ஆர்எஃப் 100-500 லென்ஸில் கன்வர்ட்டரைப் போட்டால், ஜூமை 300 மி.மீ.க்குக் கீழே கொண்டுவர முடியாது. எஃப்/6.3-இல் முடியும் ஜூம்களுக்கு, பொருந்தினாலும்கூட, கன்வர்ட்டரை நான் பரிந்துரைப்பதில்லை. ஒரு ஸ்டாப் போனால் எஃப்/9-இல் தொடங்க வேண்டியிருக்கும், அதற்கு மேல் அப்பர்ச்சரைக் குறைக்க இடமே இருக்காது.

இடமில்லை என்று சொல்வதற்குக் காரணம் ஒளியின் விளிம்பு விளைவு (டிஃப்ராக்‌ஷன்). அப்பர்ச்சர் சுருங்கச் சுருங்க, ஒரு புள்ளியின் பிம்பம் சிறு வட்டாக விரிகிறது. எஃப்/8-இல் அந்த வட்டின் விட்டம் சுமார் 11 மைக்ரான், எஃப்/16-இல் சுமார் 21 மைக்ரான். 45 மெகாபிக்சல் ஃபுல் ஃபிரேம் (36 × 24 மி.மீ.) சென்சரில் ஒரு பிக்சலின் அகலம் 4.4 மைக்ரான் அளவே என்பதை நினைத்தால், எஃப்/16-க்குப் போவது கன்வர்ட்டர் கொண்டுவந்த நுணுக்கத்தை நாமே அழிப்பதாகும். மறுபக்கம், கன்வர்ட்டர் போட்ட லென்ஸை முழுத் திறப்பில் வைத்தால் ஓரங்கள் மென்மையாகும். ஆகவே புதிய முழுத் திறப்பிலிருந்து ஒரு ஸ்டாப் குறைத்துத் தொடங்குங்கள். எஃப்/2.8 லென்ஸுக்கு 1.4 மடங்குக் கன்வர்ட்டரோடு எஃப்/5.6 முதல் எஃப்/8 வரை, 2 மடங்கோடு எஃப்/8 முதல் எஃப்/11 வரை என்பது நல்ல வரம்பு.

இனிக் காற்று. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சித்திரை மாதக் காலை பத்து மணியளவில், ஒத்தக்கடைப் பக்கமிருந்து யானைமலையின் தலைப்பகுதியை 2 மடங்குக் கன்வர்ட்டரோடு எடுத்தேன். முப்பது படங்களுக்கு மேல் எடுத்தும் ஒன்றுகூடக் கூர்மையாக இல்லை. கன்வர்ட்டர் பழுது என்றே முடிவுகட்டி, அதை விற்கவும் துணிந்துவிட்டேன். பிறகு கார்த்திகையில் இரவு முழுக்கப் பெய்த மழை விட்ட ஒரு விடியலில், அதே இடத்தில் அதே கருவிகளை வைத்து எடுத்தபோது, பாறையில் ஆண்டுக்கணக்கில் நீர் வழிந்து படிந்த கருங்கோடுகள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தன. பழுது கருவியில் இருக்கவில்லை. வெயிலில் சூடான தரையிலிருந்து எழும் காற்று அடுக்கடுக்காக அடர்த்தி மாறி, ஒளியை இங்கும் அங்கும் வளைத்துக்கொண்டே இருக்கிறது. சாலையில் கானல்நீரைக் காட்டுவதும் சூடான தரை ஒளியை இப்படி வளைப்பதுதான். குவியத் தொலைவை இரட்டிப்பாக்கும்போது இந்த அலைவும் இரட்டிப்பாகிறது. எந்தக் கண்ணாடியாலும் அதைத் தடுக்க முடியாது.

அதனால் கன்வர்ட்டரைப் பொருத்துவதற்கு முன் காற்றைச் சோதிக்கப் பழகுங்கள். கேமராத் திரையில் காட்சியை நேரடியாகக் காட்டும் லைவ் வியூவை அதிகபட்ச அளவுக்குப் பெரிதாக்கி, வானத்துக்கு எதிரே தெரியும் பாறை விளிம்பை அரை நிமிடம் பாருங்கள். விளிம்பு அசையாமல் நின்றால் தாராளமாகக் கன்வர்ட்டரைப் போடலாம். மெல்ல நெளிந்தால், ஒரே சட்டத்தைப் பத்து இருபது முறை எடுத்து அவற்றில் சிறந்ததைத் தேர்ந்துகொள்ளலாம். உலைநீர் கொதிப்பதுபோல் துடித்தால் கன்வர்ட்டரைப் பையிலேயே விட்டுவிட்டு, குறைந்த குவியத் தொலைவில் அகன்ற காட்சியை எடுப்பதே அறிவு. பகல் முழுக்க வெயில் குடித்த பாறை, சூரியன் மறைந்த பிறகும் நெடுநேரம் சூட்டை வெளிவிட்டுக்கொண்டிருக்கும் என்பதால், இங்கே மாலையைவிட விடியலே நல்லது. தார்ச்சாலைக்கோ காய்ந்த தரிசுக்கோ மேலாகப் பார்ப்பதைவிட, நீர் நிற்கும் வயலுக்கு மேலாகவோ உயரமான இடத்திலிருந்தோ பார்த்தால் அலைவு குறையும். ஐப்பசி, கார்த்திகை மழை தூசியைக் கழுவிவிட்ட மறுநாள் காலையில், அழகர்மலையும் அதற்கப்பால் சிறுமலையும் நீல அடுக்குகளாகத் தெரியும்போது கன்வர்ட்டர் தன் முழு மதிப்பையும் காட்டும்.

அடுத்து அதிர்வு. லென்ஸைச் சுற்றியுள்ள காலர் வளையத்தைத்தான் ட்ரைபாடில் பொருத்த வேண்டும், கேமராவை அல்ல. ட்ரைபாடின் நடுத்தண்டை உயர்த்தாதீர்கள். கண்மாய்க் கரை மண் நெகிழ்ந்திருக்கும், எனவே ஒவ்வொரு காலையும் அழுத்தி ஊன்றி, இனி இறங்காது என்று உறுதியான பிறகே சட்டத்தை அமையுங்கள். கண்ணாடி உள்ள டிஎஸ்எல்ஆர் என்றால், அந்தக் கண்ணாடி எழும்பும் அதிர்வைத் தவிர்க்கும் மிரர் லாக்கையும், எதுவானாலும் இரண்டு நொடி டைமரையோ ரிமோட்டையோ பயன்படுத்துங்கள். பழைய லென்ஸ்களில், ட்ரைபாடில் வைத்திருக்கும்போது நடுக்கத் தடுப்பை நிறுத்திவிட வேண்டும். மேலூர் நான்குவழிச் சாலை ஓரத்தில் நின்று எடுப்பவர்கள், லாரி கடந்து சில நொடிகள் ஆன பிறகே ஷட்டரை அழுத்துவது நல்லது. காலடியில் தரை அதிர்வதை நாம் உணராவிட்டாலும் 400 மி.மீ. உணர்ந்துவிடும். அம்மியையே பறக்கவிடும் ஆடிக் காற்றில் லென்ஸ் ஹுட் ஒரு பாய்போல் காற்றைப் பிடிக்கும். சூரியன் பக்கவாட்டில் இல்லையென்றால் அதைக் கழற்றிவிட்டு, ஐஎஸ்ஓவை 400 அல்லது 800-க்கு ஏற்றி, ஷட்டர் வேகத்தைக் கூட்டுங்கள். ஐஎஸ்ஓ ஏறுவதால் படத்தில் தோன்றும் புள்ளிகளான நாய்ஸ் சிறிது இருந்தால் பின்னால் சரிசெய்யலாம், அசைந்த படத்தைச் சரிசெய்ய முடியாது.

ஃபோகஸை முடிவிலிக் குறியில் (∞) வைத்துவிட்டு நம்பிவிடாதீர்கள். பல லென்ஸ்கள் அந்தக் குறியைத் தாண்டியும் திரும்பும், வெப்பநிலை மாறும்போது சரியான இடமும் சற்று மாறும். லைவ் வியூவைப் பெரிதாக்கி, பாறைப் பிளவு, பனைமட்டை போன்ற கூர்மையான ஒன்றில் கையால் குவித்து, அரை மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி சரிபாருங்கள். கூர்மை விரியும் ஆழத்தைப் பற்றியும் தெளிவு வேண்டும். ஃபுல் ஃபிரேம் கேமராவில் 200 மி.மீ., எஃப்/8 என்றால், சுமார் 170 மீட்டரில் குவித்து, 85 மீட்டர் முதல் அடிவானம் வரை ஏற்கத்தக்க கூர்மையைப் பெறலாம். அதே எஃப்/8-இல் 400 மி.மீ. என்றால் 670 மீட்டரில் குவிக்க வேண்டும், கூர்மையும் 330 மீட்டருக்கு அப்பால்தான் தொடங்கும். முன்னே 150 மீட்டரில் ஒற்றைப் பனை, பின்னே 3 கிலோமீட்டரில் மலை என்ற, நாம் எல்லோரும் விரும்பும் அமைப்பு, 400 மி.மீ.யில் ஒரே படத்தில் முழுக்கக் கூர்மையாக அமையாது. பனைக்கு ஒன்று, மலைக்கு ஒன்று, இடைவெளிக்கு ஒன்று என மூன்று படங்கள் எடுத்துக் கணினியில் இணைக்கலாம். காற்றில் மட்டை ஆடினால் இணைப்பு சரிவராது என்பதால், பனையை மட்டும் கூர்மையாக்கி மலையை மென்மையாக விட்டுவிடுவதையே நான் பெரும்பாலும் செய்கிறேன்.

எவ்வளவு குவியத் தொலைவு தேவை என்பதை வீட்டிலிருந்தே கணக்கிடலாம். பொருளின் அளவைக் குவியத் தொலைவால் பெருக்கி, தூரத்தால் வகுத்தால், சென்சரில் விழும் பிம்பத்தின் அளவு கிடைக்கும். மீனாட்சியம்மன் கோயிலின் தெற்குக் கோபுரம் சுமார் 52 மீட்டர் உயரமுள்ளது. 8 கிலோமீட்டர் தள்ளி ஓர் உயரமான இடத்திலிருந்து 400 மி.மீ.யில் எடுத்தால் பிம்பம் 2.6 மி.மீ., 24 மி.மீ. உயரமுள்ள சென்சரில் அது ஒன்பதில் ஒரு பங்கு மட்டுமே. 2 மடங்குக் கன்வர்ட்டரோடு 800 மி.மீ. ஆனால் பிம்பம் 5.2 மி.மீ., அதாவது சட்டத்தின் உயரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம். கோபுரம் நகரத்துக்கு மேல் எழுந்து நிற்பதைக் காட்ட இது போதும். மாறாக, ஏறக்குறைய 3 கிலோமீட்டர் நீளமுள்ள யானைமலை முழுவதையும் 200 மி.மீ.யில் பிடிக்கவே கிட்டத்தட்ட 17 கிலோமீட்டர் தள்ளிப் போக வேண்டும். முழு மலைக்குக் கன்வர்ட்டர் வேண்டியதில்லை. அதன் துதிக்கைச் சரிவுக்கும், உச்சியில் ஒட்டி நிற்கும் மேகத்துக்கும்தான் அது வேண்டும்.

குன்றின் மேல் எழும் முழுநிலவை எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நிலவின் பிம்பம் குவியத் தொலைவில் ஏறக்குறைய 110-இல் ஒரு பங்கு என்பதால், 400 மி.மீ. லென்ஸும் 1.4 மடங்கும் சேர்ந்த 560 மி.மீ.யில் அது 5 மி.மீ. விட்டத்தோடு விழும். அழகான அளவுதான். ஆனால் ஒரு நொடி ஷட்டரைத் திறந்தால் அந்தப் பிம்பம் 0.04 மி.மீ. நகர்ந்து, ஒன்பது பிக்சல் அளவுக்கு இழுபட்டுவிடும். 1/8 நொடிக்கு மேல் போகாதீர்கள்.

கன்வர்ட்டரை வீட்டிலேயே லென்ஸோடு பொருத்தி எடுத்துச் செல்வது தூசிக்கு நல்லது. வெளியே மாற்ற நேர்ந்தால் கேமராவை அணைத்து, வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து மாற்றுங்கள். கன்வர்ட்டர் மாறுபாட்டை (கான்ட்ராஸ்ட்) சற்றுக் குறைக்கும் என்பதால், சென்சர் பதிந்ததை அப்படியே சேமிக்கும் ரா கோப்பாக எடுத்து, கணினியில் மாறுபாட்டை அளவோடு கூட்டிக்கொள்ளலாம்.

வாங்குவதற்கு முன், முடிந்தால் ஒன்றை ஒருநாள் வாடகைக்கு எடுத்து, தெளிவான விடியலில் ஒரே காட்சியைக் கன்வர்ட்டரோடும் இல்லாமலும் எடுங்கள். இல்லாத படத்தை 1.4 மடங்கு வெட்டிப் பெரிதாக்கி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 24 மெகாபிக்சல் படம் இப்படி வெட்டினால் 12 மெகாபிக்சலாகும், அதுவே 14 அங்குல அகல அச்சுக்குப் போதும். உங்கள் லென்ஸில், உங்கள் அச்சின் அளவில் வேறுபாடு தெரியவில்லை என்றால், அந்தப் பணத்தை ஒரு கனமான ட்ரைபாடுக்குக் கொடுங்கள். பாறையில் வழிந்த நீர்க்கோடுகள் கன்வர்ட்டர் படத்தில் மட்டும் பிரிந்து தெரிந்தால், தயங்காமல் வாங்கலாம்.